பயனர்களுக்கு ஏபிஐ கீ கொடுக்கப் போகிறீர்களா? முதல் படியிலிருந்து பார்ப்போம்

உங்கள் வெப் அப்ளிகேஷன் ஓரளவு வளர்ந்ததும் யாராவது ஒரு பயனர் கட்டாயம் கேட்பார்: "என் தரவை என் ஸ்கிரிப்ட்டிலிருந்தே எடுக்க வழி உண்டா?" ஏபிஐ என்பது வேறு நிரல்கள் உங்கள் சர்வரோடு பேசும் வழி, அதற்கான கீ அங்கேதான் வருகிறது. பயனர் ஒரு பொத்தானை அழுத்துகிறார், நீளமான ஒரு எழுத்துச்சரம் கிடைக்கிறது, அதைத் தன் நிரலில் வைத்து உங்கள் சர்வரோடு பேசுகிறார், அவ்வளவுதான். அந்தச் சரத்தை உருவாக்குவது உண்மையிலேயே ஒரு வரி நிரல். ஆனால் கொடுத்த கீயை உங்கள் சர்வரே திரும்பச் சொல்ல முடியாதபடி வைப்பது, வெளியே கசிந்தால் உடனே செல்லாததாக்குவது, எந்தக் கீ எதற்குப் பயன்படுகிறது என்று தெரிந்து வைத்திருப்பது, இவற்றில்தான் பெரும்பாலான வேலை இருக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ஒரு வரிக்கு அப்புறம் வருவதைத்தான் அதிகம் பேசப்போகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. ஏபிஐ கீ என்பது நிரல்களுக்கானது. உங்கள் தளத்தில் உட்கார்ந்து கிளிக் செய்யும் மனிதருக்கு லாகின், செஷன், குக்கி எல்லாம் இருக்கவே இருக்கின்றன. லாகினுக்குப் பதிலாகக் கீயைக் கொடுக்காதீர்கள். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டிலோ மொபைல் ஆப்பின் உள்ளேயோ ரகசியக் கீயை வைக்கலாமா என்று கேட்டால், கூடாது. பிரவுசருக்குப் போன எதையும் பயனர் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பார்த்துவிடலாம், ஆப்பையும் பிரித்துப் படித்துவிடலாம். இதை உங்கள் ஆவணத்திலும் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், ஏனென்றால் உங்கள் பயனர்களில் பலரும் அதைத்தான் முதலில் செய்வார்கள்.

படி 1: ரேண்டம் எண் எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு மொழியிலும் ரேண்டம் எண் தரும் வழி குறைந்தது இரண்டு இருக்கும். ஒன்று விளையாட்டுக்கும் சிமுலேஷனுக்கும், இன்னொன்று பாதுகாப்புக்கு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் குழப்பம் சகஜம்.

பைத்தானின் சாதாரண ரேண்டம் மாட்யூல் மெர்சேன் ட்விஸ்டர் என்ற முறையில் ஓடுகிறது. அதிலிருந்து வரும் 32 பிட் எண்கள் 624ஐத் தொடர்ந்து பார்த்துவிட்டால், அதன் உள்நிலையை முழுதாகக் கண்டுபிடித்து அடுத்து வரப்போகும் எல்லா எண்களையும் சொல்லிவிடலாம். ஒருவர் உங்கள் தளத்தில் கணக்குத் திறந்து நிறையக் கீகளை உருவாக்கிப் பார்த்தாரானால், அடுத்தவருக்கு வரப்போகும் கீயை அவர் கணக்குப் போட வழி பிறக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் மேத் ரேண்டம், ஜாவாவின் பழைய ரேண்டம் கிளாஸ் எல்லாம் இதே வகைதான். பிஹெச்பியின் யூனிக்ஐடி இன்னும் மோசம், அது பெரும்பாலும் அந்த நொடியின் கடிகார நேரம்.

பயன்படுத்த வேண்டியவை இவை: பைத்தானில் சீக்ரெட்ஸ் மாட்யூல், 3.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. நோடில் கிரிப்டோ மாட்யூலின் ரேண்டம் பைட்ஸ். பிஹெச்பி 7 முதல் ரேண்டம் பைட்ஸ் என்ற ஃபங்ஷன். ஜாவாவிலும் ரூபியிலும் செக்யூர் ரேண்டம். கோ மொழியில் மேத் ரேண்டை விட்டுவிட்டு கிரிப்டோ ரேண்டை இம்போர்ட் செய்யுங்கள். இவை எல்லாமே கடைசியில் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம்தான் போய்க் கேட்கின்றன, அது வன்பொருளிலிருந்தும் பிற நிகழ்வுகளிலிருந்தும் சேர்த்து வைத்த கணிக்க முடியாத தன்மையிலிருந்து பைட்டுகளைத் தருகிறது. நீங்கள் செய்ய வேண்டியது அதில் கை வைக்காமல் இருப்பதுதான். பயனர் ஐடி, மின்னஞ்சல், நேரம் எல்லாவற்றையும் சேர்த்து ஹேஷ் போட்டு (மூலத்தைத் திரும்பப் பெற முடியாத ஒரு சரமாக மாற்றி) "இது யாருக்கும் தெரியாது" என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த மூன்றும் ஊகிக்கக் கூடியவை, எனவே கீயும் ஊகிக்கக் கூடியதே.

இது ஏட்டளவில் மட்டும் உள்ள பயம் இல்லை. 2006இல் டெபியன் லினக்ஸில், மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் செய்த ஒரு சிறு மாற்றம், ரேண்டம் தன்மை சேரும் வழியை அடைத்துவிட்டது. மிஞ்சியது பிராசஸ் ஐடி (ஓடும் நிரலுக்குச் சிஸ்டம் தரும் எண்) ஒன்றுதான். அதனால் ஒரு குறிப்பிட்ட சாவி வகைக்கும் நீளத்துக்கும் உருவாகக்கூடிய மொத்தச் சாவிகளே சுமார் 32 ஆயிரமாகச் சுருங்கின. 2008இல்தான் அது வெளியே தெரிந்தது. அதுவரை உருவான சாவிகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. பலவீனமான ரேண்டத்தில் கவலைக்குரிய விஷயம் இதுதான்: கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

படி 2: எவ்வளவு நீளம், எந்த எழுத்துகள்?

32 பைட், அதாவது 256 பிட் எடுங்கள். 16 பைட்டே போதும் என்பார்கள், அதுவும் சரிதான். வினாடிக்கு ஒரு லட்சம் கோடி முறை முயன்றாலும் 128 பிட்டை முழுதாகத் தேடி முடிக்க ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி கோடி ஆண்டுகள் ஆகும். இருந்தாலும் கூடுதலாகப் பதினாறு பைட் வைப்பதில் உங்களுக்கு ஒரு செலவும் இல்லை.

யூயூஐடியை (ஒன்றுபோல் இன்னொன்று வராதபடி உருவாக்கும் அடையாள எண்) கீயாகக் கொடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். நான்காம் பதிப்பு யூயூஐடியில் 122 பிட் ரேண்டம் இருக்கிறது, நல்ல மூலத்திலிருந்து உருவாகியிருந்தால் எண்ணிக்கை அளவில் குறையில்லை. ஆனால் முதல் பதிப்பு யூயூஐடி நேரத்தையும் நெட்வொர்க் கார்டின் முகவரியையும் வைத்து உருவாவது, ஏழாம் பதிப்பின் முன்பகுதி நேரமுத்திரை. உங்கள் லைப்ரரி எதைத் தருகிறது என்று தேடிக்கொண்டிருப்பதற்குப் பதில், தனித்தன்மைக்கு யூயூஐடி, ரகசியத்துக்கு ரேண்டம் பைட் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பைட்டை எழுத்தாக்க மூன்று வழி. ஹெக்ஸில், அதாவது பதினாறு குறிகள் மட்டும் என்றால், 32 பைட் 64 எழுத்தாகும். யூஆர்எல்லுக்கு ஏற்ற பேஸ்64இல், அதாவது 64 குறிகள் என்றால், 43 எழுத்து. பேஸ்62இல், அதாவது எழுத்தும் எண்ணும் மட்டும் என்றால், அதே 43. பேஸ்64இல் இடைக்கோடு வரும், டபுள் கிளிக் செய்தால் அந்த இடத்தில் தேர்வு நின்றுவிடும், பயனர் பாதிக் கீயை நகலெடுத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதுவார். பேஸ்62 அழகாக இருக்கும், ஆனால் அதைக் கையால் எழுதும்போது ஒரு பிசகு நடக்கும். ஒரு ரேண்டம் பைட்டை எடுத்து 62ஆல் வகுத்து மீதியைப் பயன்படுத்துவார்கள். 256ஐ 62ஆல் வகுத்தால் மீதி 8, ஆகவே அந்த 62 எழுத்துகளில் முதல் எட்டு மற்றவற்றைவிட அடிக்கடி வரும், மற்றவை நான்கு முறை வந்தால் இவை ஐந்து முறை. கீயை உடைக்கும் அளவுக்கு இது பெரிய ஓட்டை அல்ல, என்றாலும் தெரிந்தே விட வேண்டியதில்லை. புதியவர்களுக்கு என் பரிந்துரை ஹெக்ஸ். நீளம் கொஞ்சம் கூடும், போகட்டும், தவறு செய்ய இடமே இல்லை.

படி 3: முன்னொட்டு வையுங்கள்

வெறும் 64 எழுத்து ஹெக்ஸ் எங்கோ ஒரு ஃபைலில் கிடந்தால் அது எதனுடையது என்று யாருக்கும் தெரியாது. அதனால் முன்னால் உங்கள் சேவையின் சுருக்கம், ஒரு அடிக்கோடு, பிறகு இது சோதனைக்கா நேரலைக்கா என்ற குறி, இன்னொரு அடிக்கோடு, அதன் பின்னால் ரேண்டம் பகுதி. பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப் இப்படித்தான் லைவ், டெஸ்ட் என்று கீயிலேயே எழுதி வைக்கிறது. சோதனைக் கீயை நேரலையில் போட்டவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2021இல் தன் டோக்கன்களை, அதாவது தன் கீகளை, இந்த வடிவத்துக்கு மாற்றியது. முன்னொட்டு, அடிக்கோடு, நடுவில் ரேண்டம், கடைசி ஆறு எழுத்தில் சிஆர்சி32 செக்சம் (மற்ற எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்புப் பகுதி). இந்தச் செக்சம் பாதுகாப்புக்கானது அல்ல, யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம். தட்டச்சுப் பிழையோ பாதி நகலோ வந்தால் டேட்டாபேஸைத் தொடாமலேயே "இது கீயே இல்லை" என்று சொல்ல உதவும். முன்னொட்டின் இன்னொரு பலன் பெரியது: பொது ரெப்போக்களில் (யாரும் பார்க்கக்கூடிய நிரல் சேமிப்பகங்களில்) கசிந்த கீகளைத் தேடும் ஸ்கேனர்கள் வடிவத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கின்றன. கிட்ஹப்பின் சீக்ரெட் ஸ்கேனிங் கூட்டுத் திட்டத்தில் சேர்ந்து உங்கள் கீயின் வடிவத்தைக் கொடுத்தால், யாரோ ஒரு பயனர் தவறிக் கமிட் செய்த கீ உங்களுக்கே தகவலாக வந்து சேரும். முதல் நாளே அதில் சேர வேண்டியதில்லை, ஆனால் முன்னொட்டை முதல் நாளே வைத்தாக வேண்டும். கீகளைக் கொடுத்த பின்னால் வடிவத்தை மாற்றுவது பெரும்பாடு.

படி 4: கீயைச் சேமிக்காதீர்கள், அதன் ஹேஷைச் சேமியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

டேட்டாபேஸ் பல வழிகளில் வெளியே போகும். பழைய பேக்கப் ஒன்று திறந்து கிடக்கும், எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் (உள்ளீட்டின் வழியே டேட்டாபேஸ் கட்டளையை நுழைப்பது) ஓட்டை இருக்கும், உடன் வேலை செய்பவர் சோதனைக்காக ஒரு நகலை லேப்டாப்பில் எடுத்துப் போவார். கீ அப்படியே டேபிளில் இருந்தால், டேபிளைப் பார்த்தவருக்கு எல்லாப் பயனர்களின் கதவும் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஹேஷ் மட்டும் இருந்தால் அதை வைத்து ஏபிஐயைக் கூப்பிட முடியாது.

எந்த ஹேஷ்? பாஸ்வேர்டுக்குப் பிகிரிப்ட், ஆர்கான்2 என்று படித்திருப்பீர்கள், அது சரியான பாடம்தான். மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் பாஸ்வேர்டுகளின் வகை குறைவு, திருடியவர் அகராதியை வைத்து வரிசையாக முயல்வார், அவரை மெதுவாக்கத்தான் அந்த ஹேஷ்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓடுகின்றன. உங்கள் கீ 256 பிட் முழு ரேண்டம். அதற்கு அகராதி கிடையாது. எனவே ஷா-256 போதும், வேகமாகவும் இருக்கும். ஒவ்வொரு ஏபிஐ அழைப்பிலும் பிகிரிப்ட் ஓட்டினால் சர்வர் திணறும், அதோடு பிகிரிப்ட் ஒவ்வொரு முறையும் வேறு சால்ட் (கூடுதல் ரேண்டம் பகுதி) சேர்ப்பதால் ஹேஷை வைத்து டேபிளில் நேரடியாகத் தேடவும் முடியாது. பிகிரிப்ட் பொதுவாக முதல் 72 பைட்டை மட்டும் பார்க்கும், நீண்ட முன்னொட்டு வைத்தவர்களுக்கு அதுவும் ஒரு தொல்லை. ஆனால் ஷா-256 போதும் என்பது கீயை நீங்களே ரேண்டமாக உருவாக்கும்வரைதான். "பயனரே தனக்குப் பிடித்த கீயை வைத்துக்கொள்ளட்டும்" என்று யாராவது யோசனை சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள், அந்தக் கணமே இந்தக் கணக்கெல்லாம் உடைந்துவிடும்.

இன்னும் ஒரு படி மேலே போக ஆசைப்பட்டால், வெறும் ஷா-256க்குப் பதில், ஒரு ரகசியத்தையும் சேர்த்து ஹேஷ் போடும் ஹெச்மேக் ஷா-256 பயன்படுத்துங்கள். அதற்கான ரகசியத்தை டேட்டாபேஸுக்கு வெளியே, சூழல் மாறியிலோ சீக்ரெட் மேனேஜரிலோ வைத்திருங்கள். இதன் லாபம் பலருக்குத் தெரிவதில்லை. டேட்டாபேஸில் எழுதும் வாய்ப்பு மட்டும் கிடைத்த ஒருவர், தனக்குத் தெரிந்த ஒரு சரத்தின் ஷா-256ஐக் கணக்கிட்டு, வேறொருவர் பெயரில் புது வரியாகச் சேர்த்துவிடலாம். ஹெச்மேக் இருந்தால் அந்த ரகசியம் இல்லாமல் செல்லுபடியாகும் ஹேஷையே அவரால் உருவாக்க முடியாது.

டேபிளில் என்னென்ன வேண்டும்? வரியின் ஐடி, பயனர் ஐடி, பயனர் கீக்கு வைக்கும் பெயர், காட்டுவதற்கான முன்னொட்டும் கடைசி நான்கு எழுத்தும், யூனிக் இன்டெக்ஸோடு ஹேஷ், அனுமதிகள், உருவான நேரம், காலாவதி நேரம், கடைசியாகப் பயன்பட்ட நேரம், ரத்தான நேரம். ரத்து என்பதை ஆம், இல்லை என்று வைக்காமல் நேரமாக வையுங்கள், வரியை அழித்தும் விடாதீர்கள். மூன்று மாதம் கழித்து "இந்தக் கீ எப்போது ரத்தானது, அதற்கு முன் என்ன செய்தது?" என்று கேள்வி வரும்போது அந்த வரி இல்லையென்றால் பதிலும் இல்லை.

படி 5: ஒரே ஒரு முறை காட்டுங்கள்

உருவான உடனே திரையில் முழுக் கீ, பக்கத்தில் நகலெடுக்கும் பொத்தான், கீழே "இதை மீண்டும் பார்க்க முடியாது" என்ற தெளிவான வரி. பக்கத்தை மூடிய பின் முன்னொட்டும் கடைசி நான்கு எழுத்தும் மட்டும்தான். ஹேஷ் மட்டுமே உங்களிடம் இருப்பதால் திரும்பக் காட்ட நினைத்தாலும் முடியாது, அப்படித்தான் இருக்க வேண்டும். தொலைத்துவிட்டேன் என்று வருபவருக்கு ஒரே பதில், புதிது உருவாக்குங்கள், பழையதை ரத்து செய்யுங்கள்.

கீயை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். அது பயனரின் இன்பாக்ஸில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். "உங்கள் கணக்கில் புதுக் கீ உருவாக்கப்பட்டது" என்ற அறிவிப்பை மட்டும், கீ இல்லாமல், அவசியம் அனுப்புங்கள். அவர் உருவாக்கவில்லை என்றால் அப்போதே அவருக்குத் தெரிந்துவிடும். கீயைக் காட்டும் பதிலில் கேஷ் கன்ட்ரோல் ஹெடரை நோ ஸ்டோர் என்று வையுங்கள். உருவாக்கும் முன் பாஸ்வேர்டை மறுபடி கேட்பது நல்லது. ஒரு ஏபிஐ கீயால் இன்னொரு ஏபிஐ கீயை உருவாக்க முடியக் கூடாது, இல்லையென்றால் திருடியவர் தனக்கென ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்வார், நீங்கள் பழையதை ரத்து செய்து பயனில்லாமல் போகும்.

படி 6: ஒவ்வொரு அழைப்பிலும் சரிபார்ப்பது

கீ ஆத்தரைசேஷன் ஹெடரில், பேரர் என்ற சொல்லுக்குப் பின்னால் வரட்டும். யூஆர்எல்லில் அனுமதிக்காதீர்கள், "சும்மா சோதித்துப் பார்க்க" என்று கூட. யூஆர்எல் சர்வர் லாகிலும் ப்ராக்சி லாகிலும் பிரவுசர் ஹிஸ்டரியிலும் பதிவாகிறது, இத்தனை இடத்திலிருந்தும் பிறகு துடைக்க முடியாது.

வந்த கீயின் முன்னொட்டையும் நீளத்தையும் பாருங்கள். சரியாக இருந்தால் ஹேஷ் போடுங்கள். அந்த ஹேஷை டேபிளில் தேடுங்கள். வரி கிடைத்தால் ரத்தானதா, காலாவதியானதா, அந்தப் பயனரின் கணக்கு இன்னும் செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசிக் கேள்வியை மறந்துவிடுவார்கள். கணக்கை முடக்கியாயிற்று, கீ மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கீ தவறு என்றால் 401, கீ சரி ஆனால் இந்தச் செயலுக்கு அனுமதி இல்லை என்றால் 403. "காலாவதியானது", "ரத்தானது", "இப்படி ஒன்றே இல்லை" என்று தனித்தனியாக வெளியே விளக்க வேண்டாம், அந்த விவரம் உங்கள் லாகில் இருந்தால் போதும்.

ஒப்பிடும் நேரத்தை அளந்து கீயைக் கண்டுபிடிக்கும் தாக்குதல் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். ஹேஷை வைத்துத் தேடும்போது அது பெரும்பாலும் எடுபடாது, ஏனென்றால் தாக்குபவரால் ஹேஷின் முதல் எழுத்து இன்னது என்று கட்டுப்படுத்தி முன்னேற முடியாது. கீக்குள் ஒரு பொது ஐடியும் ரகசியமும் என இரண்டு பகுதி வைத்து, ஐடியால் தேடி ஹேஷை நிரலில் ஒப்பிடுகிறீர்கள் என்றால், சாதாரண சமக்குறி வேண்டாம். பைத்தானில் ஹெச்மேக் மாட்யூலின் கம்பேர் டைஜஸ்ட், நோடில் டைமிங் சேஃப் ஈக்வல், பிஹெச்பியில் ஹேஷ் ஈக்வல்ஸ் இதற்காகவே இருக்கின்றன.

ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹெச்டிடிபியில் வந்த அழைப்பை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடுவது வலைப்பக்கத்துக்கு நல்லது, ஏபிஐக்கு அல்ல. திருப்பிவிடும் முன்பே கீ திறந்த வழியில் வந்து சேர்ந்துவிட்டது. பயனருக்கோ எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தெரியும், அவர் ஆண்டு முழுக்க அப்படியே அனுப்பிக்கொண்டிருப்பார். எனவே திருப்பாமல் பிழை கொடுங்கள். இன்னும் கண்டிப்பாக இருக்க விரும்பினால், அப்படி வந்த கீயை அங்கேயே ரத்து செய்து பயனருக்குத் தகவல் சொல்லுங்கள்.

கடைசியாகப் பயன்பட்ட நேரத்தை ஒவ்வொரு அழைப்பிலும் எழுதினால் டேட்டாபேஸுக்குப் பாரம், நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் போதும். வேகத்துக்காகச் சரிபார்ப்பின் முடிவைக் கேஷ் செய்தால் (சிறிது நேரம் நினைவில் வைத்தால்), ரத்து செய்த கீ அந்தக் கேஷ் காலம் முடியும்வரை உயிரோடு இருக்கும் என்பதை நினைவில் வைத்து அந்த நேரத்தைக் குறைவாக வையுங்கள். ஜேடபிள்யூடியை (விவரத்தையும் கையொப்பத்தையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் டோக்கன்) கீயாகக் கொடுத்தால் டேட்டாபேஸே வேண்டாமே என்று ஒரு யோசனை வரும். ரத்து செய்ய வேண்டும் என்ற தேவை வந்ததும் ஒரு பட்டியலைத் தேடத்தான் போகிறீர்கள், அப்போது அந்த லாபம் போய்விடுகிறது.

படி 7: அனுமதியும் அளவும்

வாசிக்க மட்டும், எழுதவும் என்று இரண்டு வகையாவது வையுங்கள், இயல்பாக வாசிக்க மட்டும் இருக்கட்டும். கீ செல்லுபடியாகிறது என்பதாலேயே கேட்ட பொருள் அந்தப் பயனருடையது ஆகிவிடாது. யூஆர்எல்லில் வரும் எண்ணை மாற்றி அடுத்தவர் ஆர்டரைப் பார்க்கும் ஓட்டைதான் ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பின் 2023 ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தேடலிலும் பயனர் ஐடி நிபந்தனை இருக்க வேண்டும்.

கீக்கு இவ்வளவு அழைப்பு என்று வரம்பு வைத்து, மீறினால் 429 கொடுங்கள், எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதை ரீட்ரை ஆஃப்டர் ஹெடரில் சொல்லுங்கள்.

படி 8: மாற்றுவதும் ரத்து செய்வதும்

ஒரு பயனருக்கு ஒரே கீ என்று கட்டுப்படுத்தினால் அவரால் நிம்மதியாகக் கீயை மாற்றவே முடியாது. பழையதை ரத்து செய்த நொடிக்கும் புதியதை எல்லாச் சர்வரிலும் போட்டு முடிக்கும் நொடிக்கும் நடுவில் அவர் சேவை நின்றுவிடும், அந்தப் பயத்திலேயே பல ஆண்டுகள் அதே கீயை வைத்திருப்பார். குறைந்தது இரண்டு கீ ஒரே நேரத்தில் செல்லட்டும். புதியதை உருவாக்குவார், எல்லா இடத்திலும் போடுவார், பழையதன் "கடைசியாகப் பயன்பட்ட நேரம்" நகராமல் நிற்கிறதா என்று பார்ப்பார், அப்புறம் ரத்து செய்வார். அந்த ஒரு நெடுவரிசை இல்லாமல் இதைத் தைரியமாகச் செய்யவே முடியாது.

காலாவதி வைப்பது நல்லது, ஆனால் முடிவதற்குச் சில நாள் முன்னதாகவே மின்னஞ்சல் போக வேண்டும். சொல்லாமல் நின்றுபோகும் கீ பயனரின் கோபத்தைத்தான் சம்பாதிக்கும், அடுத்த முறை "காலாவதி வேண்டாம்" என்பதைத்தான் அவர் தேர்ந்தெடுப்பார்.

கசிந்துவிட்டது என்று தெரிந்தால் முதலில் ரத்து, பிறகுதான் விசாரணை. கிட்டில் கமிட் ஆன கீயை அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் அது இருக்கும், ஆகவே அழித்துவிட்டேன் என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். டேஷ்போர்டில் ரத்து பொத்தான் எளிதாகக் கைக்கு எட்ட வேண்டும், பாதி ராத்திரியில் பதற்றத்தோடு வருபவர் தேடி அலையக் கூடாது.

படி 9: வெளியிடும் முன் தேடிப் பாருங்கள்

சோதனைச் சூழலில் ஒரு கீயை உருவாக்கி, அதை வைத்துச் சில அழைப்புகள் செய்யுங்கள். சரியானவை, தவறானவை, சர்வரில் எக்ஸெப்ஷன் கிளப்புபவை என எல்லா வகையும் வேண்டும். பிறகு அந்தக் கீயின் ரேண்டம் பகுதியை எடுத்து டேட்டாபேஸ் டம்ப், வெப் சர்வர் லாக், அப்ளிகேஷன் லாக், பிழை கண்காணிப்புக் கருவி, வேலை வரிசை, எல்லா இடத்திலும் தேடுங்கள். பெரும்பாலும் பிழை கண்காணிப்புக் கருவியில்தான் மாட்டும், ஏனென்றால் அது எக்ஸெப்ஷன் வந்த அழைப்பின் ஹெடர்களை அப்படியே எடுத்துப் போக வாய்ப்பு அதிகம். எங்காவது கிடைத்தால் அந்த ஹெடரை மறைக்கும்படி அமைத்துவிட்டு, புதுக் கீ ஒன்றை உருவாக்கி மறுபடி முதலிலிருந்து தேடுங்கள். கீ எங்கேயும் கிடைக்காமல் போனதும் இந்தத் தேடலை ஒரு தானியங்கிச் சோதனையாக எழுதி வையுங்கள், நாளை வேறொருவர் புது லாக் வரி சேர்க்கும்போது அதுவே பிடித்துக் கொடுக்கும்.